கீழ்வீட்டு மூக்கு

அம்மாவுக்கு வாசனை தெரியாமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் வீட்டில் மூன்று பேரும் படுத்தோம். எனக்கும் மனைவிக்கும் பத்து நாளில் மூக்கு திரும்பிவிட்டது. அம்மாவுக்குத் திரும்பவில்லை. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஊதுபத்தியை ஏற்றிவிட்டு, "எரியுதாடா?" என்று கேட்பார். காபியைக் குடித்துவிட்டு, "வெந்நீர்ல சீனி போட்ட மாதிரி இருக்கு" என்பார். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு மல்லிச் சரம் போடும்போது மட்டும், ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பேசாமல் போட்டுவிடுவார். மதுரையில் பிறந்து வளர்ந்தவருக்கு மல்லி மணக்கவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் அது ஓர் ஆபத்தும்கூட என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் புரட்டாசியில் அது புரிந்தது.

பழங்காநத்தத்தில் எங்களுடையது பழைய மாடி வீடு. மேலே நாங்கள், கீழே வாடகைக்கு ஓர் இளம் குடும்பம். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் மாலை ஐந்து வரை என்று பேப்பரில் போடுவார்கள். இரண்டு மணிக்கே வந்துவிடுவதும் உண்டு. நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம். ஃபிரிட்ஜ் ஓடாததால் பால் திரிந்துவிடும் என்று அம்மா மதியம் ஒரு மணி வாக்கில் அதை எடுத்து மறுபடி காய்ச்ச அடுப்பில் வைத்திருக்கிறார். ஃபேன் இல்லை, புழுக்கம். காற்றுக்காக முன்பக்க வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அப்படியே கண் அசந்துவிட்டார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண அடுப்புகளில் தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்காது. அப்படி நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகள் இருக்கின்றன. நம்மில் யார் அதைக் கேட்டு வாங்குகிறோம்? பர்னர் எத்தனை, மேலே கண்ணாடியா ஸ்டீலா என்பதைத்தான் பார்க்கிறோம்.

கீழ்வீட்டுத் தங்கச்சி மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் படியேறியிருக்கிறாள். எங்கள் வாசலைத் தாண்டும்போதே வாடை. தட்டவில்லை. மாடிக்குப் போய்த் துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது இன்னும் கூடுதலாக அடித்திருக்கிறது. அப்போதும் தட்டவில்லை. வீட்டுக்குள் போய்க் கணவருக்குப் போன் செய்தாள். "சிலிண்டர் மாத்திட்டு இருப்பாங்க, விடு" என்றிருக்கிறார் அவர். ஐந்து நிமிடம் கழித்து மனது கேட்காமல் மறுபடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். கரண்ட் இல்லாததால்தான் தட்டினாள். இருந்திருந்தால் காலிங் பெல்லை அழுத்தியிருப்பாள்.

அம்மா எழுந்து வந்து கதவைத் திறந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. "என்னம்மா, பால் வேணுமா?" என்றுதான் கேட்டிருக்கிறார். அவள் நேரே அடுப்படிக்குப் போய்த் திருகை மூடி, பின்கதவைத் திறந்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குப் போன். நான் பைக்கில் வந்து சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது இன்றைக்கும் கை கொஞ்சம் நிற்கிறது. கரண்ட் வந்தால் முதலில் என்ன நடக்கும்? ஃபிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும். போட்டபடியே விட்ட ஏதாவது ஒரு லைட் எரியும். ஃபிரிட்ஜுக்குள் கரண்ட் இணைந்து துண்டிக்கிற இடத்தில் ஒரு சின்னப் பொறி பறந்தால் போதும். அது வெளியே தெரியக்கூடத் தெரியாது. எங்கள் ஃபிரிட்ஜ் இருப்பது அடுப்படியில், அடுப்புக்கு நான்கடி தள்ளி.

அன்று ராத்திரி அம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "நானே முழிச்சிருந்தாலும், அடுப்பு அணைஞ்சு கெடக்கேன்னு லைட்டரை எடுத்துத் திருப்பிப் பத்த வச்சிருப்பேன்டா."

சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்கு உண்மையில் சொல்லும்படியான வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளி அளவில் கலக்கிறார்கள். நாம் "கேஸ் வாடை" என்று சொல்வது அதைத்தான். இந்த வாடைக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் இயற்கை வாயு கசிந்து சேர்ந்திருந்தது. வாசனை இல்லாத வாயு; யாருக்கும் தெரியவில்லை. தொழிற்பயிற்சி வகுப்பில் மரம் தேய்க்கும் மின்கருவியை ஓடவிட்டபோது எழுந்த பொறியில் கட்டடம் தூக்கி எறியப்பட்டது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். மற்ற இடங்களிலும் அந்த வழக்கம் பரவியது. நம் அடுப்படியில் மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றத்துக்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது.

இவ்வளவு ஏற்பாடும் கடைசியில் ஒரு மனித மூக்கை நம்பித்தான் இருக்கிறது. அந்த மூக்கு வயதானால் மங்கும். சளி பிடித்தால் அடைக்கும். கொரோனாவில் போனது சிலருக்குத் திரும்புவதே இல்லை. ஒன்றுமே இல்லாத நல்ல மூக்குகூட, அதே அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் வாடைக்குப் பழகிப்போய்ச் சொல்ல மறந்துவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு நாறாது. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் நாறும். கேஸ் வாடையும் அப்படித்தான். உள்ளே இருப்பவரைவிடப் படியேறி வருகிறவருக்கே அது முதலில் எட்டும்.

படிக்கட்டு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரித் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போகும். கதவிடுக்கு, படி, சாக்கடைக் குழி, எங்கள் வீட்டில் இருப்பதுபோல் பழைய அங்கணம் இருந்தால் அதன் தண்ணீர் போகும் ஓட்டை. ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு "காற்று வந்துடுச்சு" என்று நிம்மதி அடைவதில் அர்த்தம் குறைவு. தரையைத் தொடும் கதவைத் திறக்க வேண்டும். அவள் பின்கதவைத் திறந்தது அவளுக்கே தெரியாமல் செய்த சரியான காரியம். சில நகரங்களில் இப்போது குழாய் வழியாக வரும் இயற்கை வாயு இதற்கு நேரெதிர்; அது காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் போய்ச் சேரும்.

சரி, தங்கச்சியிடம் வருகிறேன். மறுநாள் நன்றி சொல்லப் போனபோது அவள் அழுதுவிட்டாள். "அண்ணே, ரெண்டு தடவை உங்க வாசலைத் தாண்டிப் போனேன். தப்பா நினைப்பீங்களோன்னு தட்டலை" என்றாள். அவளை நான் என்ன குறை சொல்வது? அவள் வாடகைக்கு இருப்பவள், நாங்கள் வீட்டுக்காரர்கள். ஏற்கெனவே ஒருமுறை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்ல வந்தவளிடம், "தெரியும்மா, அதான் போறேன்ல" என்று நான் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். அவள் அதை மறக்கவில்லை. நான்தான் மறந்திருந்தேன்.

எனக்கும் அப்படி ஒரு கதை உண்டு. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் தனியாக ஒரு பெரியவர் இருந்தார். பிள்ளைகள் வெளியூரில். ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் நடக்கப் போகும்போது அவர் வீட்டு கேட்டில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் இருந்தது. எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் இருந்தது. அவர் ஐந்தரைக்கே எடுத்துவிடுகிறவர். கண்ணில் பட்டது, மனதிலும் பட்டது. ஊருக்குப் போயிருப்பார் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். முந்தைய ராத்திரியே குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். மறுநாள் அதிகாலை, பழைய பாக்கெட் பையிலேயே இருப்பதைப் பார்த்த பால் போடும் பையன்தான் சத்தம் போட்டு ஆளைக் கூட்டினான். 108 வந்து தூக்கிப்போனது. பிழைத்தார். பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இரண்டு பாக்கெட்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு பையனுக்குத் தோன்றியது. ஒரே நாளில் இரண்டு தடவை பார்த்த எனக்குக் கேட்டைத் தட்டத் தோன்றவில்லை.

தட்டாததற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் நாகரிகமானவை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாது. அவர்களுக்குத் தெரியாதா என்ன? நாம் போய் அசிங்கப்படுவானேன்? எல்லாம் ஒரே கூச்சம்தான். மேல்வீட்டில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர்களும் அதே கூச்சக்காரர்கள்தான். (அதற்கு 181 இருக்கிறது. குழந்தை என்றால் 1098. அழைக்கும்போது நம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.) தெரு முனையில் கேமரா வைக்கக் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஆயிரம் வசூல் செய்தோம். அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேமரா இரண்டு நாள் பால் பாக்கெட்டையும் பதிவு செய்தது, என்னையும் பதிவு செய்தது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு மாதம் கேஸ் பைத்தியமாகத் திரிந்தேன் என்று மனைவி சொல்வாள். முதல் வேலையாக அலாரம் வாங்கினேன். கேஸ் கசிந்தால் கத்தும் சின்னப் பெட்டி. அதை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், புகை அலாரம் மாதிரி நினைத்துக் கூரையை ஒட்டி ஆணி அடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது: கனமான வாயு கூரைக்கு எட்டி இது கத்துவதற்குள் மற்றதெல்லாம் முடிந்துவிடும். கழற்றித் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மாட்டினோம். அடுத்த மாதப் பராமரிப்பு நாளில் இன்னொன்று தெரிந்தது. பெட்டி கரண்டில் ஓடுவது. மின்தடையன்று விளக்கே எரியாமல் செத்துக் கிடந்தது. அதாவது, எந்த நாளுக்காக வாங்கினேனோ அந்த நாளில் அது இருந்திருந்தாலும் பேசியிருக்காது. இப்போது பேட்டரியில் ஓடுவது ஒன்று இருக்கிறது. அதையும் முழுதாக நம்பவில்லை.

டியூபைப் பார்க்கச் சொன்னார்கள். அடுப்படி மேடைக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த ஆரஞ்சு நிற டியூபின் மேலேயே தேதி அச்சாகியிருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். எங்களுடையது ஒன்பது வருடம் ஆனது. தினமும் ஆறு தடவை தொடும் பொருளில் இருந்த எழுத்தை ஒன்பது வருடம் நான் படிக்கவில்லை. சிலிண்டரிலும் அப்படி ஓர் எழுத்து உண்டு. மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டின் உள்பக்கம் பாருங்கள்: ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு இலக்கமும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்து இலக்கம் வருடம். அந்தச் சிலிண்டரை அடுத்து எப்போது சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதன் குறிப்பு அது. கெடு தாண்டியதைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம்.

அப்புறம் அந்த மூடி. சிலிண்டர் வாயில் நூலோடு கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் மூடி. எங்கள் வீட்டில் அது பையனின் பம்பரத்துக்குத் துணையாகப் போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் வால்விலிருந்து கேஸ் வந்தால், அந்த மூடியை மேலே வைத்து அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காகத்தான் அதைக் கட்டியே அனுப்புகிறார்கள். சிலிண்டர் போட வரும் தம்பியிடம், "இருந்து ஒருதரம் பார்த்துட்டுப் போப்பா" என்று நான் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வாய்க்குள் இருக்கும் கறுப்பு வாஷர் நைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலைதான். மாடிமாடியாகத் தோளில் சுமந்து ஏறி, அடுத்த வீட்டுக்கு ஓடும் ஆளிடம் யாரும் கேட்பதில்லை, அவருக்கும் நேரமில்லை. கேட்டால் செய்கிறார். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் வீரர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருந்திருக்கிறார்கள். அதிர்ஷ்டசாலிகள்.

வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன். "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வெளியேத்தணும்" என்றான் பையன். "எரியுற லைட்டை அணைக்கணும்" என்றாள் மனைவி. இரண்டும் தப்பு. போடுவதும் பொறி, அணைப்பதும் பொறி. எரிவது எரியட்டும், ஓடுவது ஓடட்டும். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடு, கதவுகளைத் திற, எல்லோரும் வெளியே போ. போனையும் வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும். 1906 என்ற எண் கேஸ் கசிவுக்கென்றே இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும். தீ என்றால் 101, எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் சொன்னேன். ஐந்து வீட்டு அடுப்படிக்குள் தினமும் போய்வருகிறவர் அவர். இதுவரை ஒரு வீட்டிலும் யாரும் இதை அவருக்குச் சொன்னதில்லை.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறை ஒரு வாரம் கடைப்பிடிக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி நின்ற கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. நமக்கு அது சித்திரை முதல் நாள், யார் போய்ப் பார்ப்பார்கள்? பையனின் பள்ளியில் அந்த வாரம் செய்து காட்ட வந்தபோது நானும் போய் நின்றேன். எரியும் சிலிண்டர் வாயில் ஈரச் சாக்கைப் போர்த்தி ஒரு வீரர் இரண்டே நொடியில் அணைத்தார். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்றும் காட்டினார்கள். ஆள் உயரத்துக்கு எழுந்த தீயைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள், ஆசிரியைகள் தட்டவில்லை. தட்டைப் போட்டு மூடி அடுப்பை அணைத்துவிட்டால் போதும், அவ்வளவுதான் வித்தை. சுட்டுக்கொண்டால் இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும் என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "மாவு நல்லாக் கேக்கும்யா" என்றார். அவரை யாரும் மறுத்துப் பேசத் துணியவில்லை. தீயணைப்பு வீரரும்தான்.

எங்கள் படிக்கட்டுச் சுவரில், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில், ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். நான்கு எண்கள். அதற்குக் கீழே பையன் பெரிய எழுத்தில் எழுதியது: "வாடை வந்தால் தட்டுங்கள். பெல் அடிக்காதீர்கள். யாரும் கோபிக்க மாட்டோம்." கடைசி வரியை எழுதச் சொன்னது நான். தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவை இடிப்பதுபோல் சத்தம். திறந்தால் கீழ்வீட்டுத் தங்கச்சி, கையில் மாவு ஒட்டியபடியே ஓடி வந்திருக்கிறாள். "அண்ணே, அடுப்பைப் பாருங்க, ஒரே வாடை!" நானும் ஓடினேன். அடுப்பில் தீ ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. மேலே மூடியிட்ட சட்டியில் அம்மா முட்டைக்கோஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார். வெந்த கோஸும் கந்தக வாடைதான் அடிக்கும். எனக்குப் பழகிப்போய்த் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியவே வழியில்லை.

தங்கச்சி வெட்கப்பட்டு நின்றாள். அம்மா அவளை விடவில்லை. கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் ஒரு கரண்டி எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "வந்தது வந்துட்ட, பெருங்காயம் போட்டேனா இல்லையான்னு மோந்து பார்த்துச் சொல்லிட்டுப் போ" என்றார்.

"போடலைம்மா" என்றாள் அவள்.